சாவி யார் கையில்?

"சம்பளம் இவ்வளவு, தங்க இடம் இலவசம்." வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வரும் ஏஜெண்டு நம் கிராமங்களில் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் மெஷின் வந்தபின் கூலி வேலை குறைந்துபோன வீடுகளில், மில் மூடிக் கிடக்கும் ஊர்களில், அந்த வார்த்தை காதில் தேனாகப் பாய்கிறது. தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. பிள்ளை சிங்கப்பூருக்கோ குவைத்துக்கோ போகிறான்.

போகாதே என்று நாம் சொல்லப்போவதில்லை. வயிறு இழுக்கிற திசையில்தான் கால் போகும். ஆனால் கம்பெனி கொடுக்கும் அந்த இடத்தை வீடாக்கிக் கொள்ள முடியுமா? ஆக்கிக் கொண்ட வீடு நம் கையில் நிலைக்குமா? கடல் கடந்த தமிழ்த் தொழிலாளிக்கு இது புதிய கேள்வியல்ல. இருநூறு வருஷ அனுபவம் நமக்குப் பின்னால் இருக்கிறது. அதை மறந்துவிட்டு விமானம் ஏறுவது, விளக்கை வீட்டில் வைத்துவிட்டு இருட்டில் நடப்பதற்குச் சமம்.

இலவசமா?

முதலாளி இலவசமாகக் கொடுத்தது எது? தொழிலாளி இன்று உழைத்து, நாளையும் உழைக்க எழுந்து வருவதற்கு என்ன தேவையோ அதற்குப் பெயர்தான் கூலி. சோறு, துணி, வீடு மூன்றும் அதில் அடக்கம். வீட்டை முதலாளியே கொடுக்கிறான் என்றால், அந்தப் பங்கைக் கூலியிலிருந்து எடுத்துக் கொண்டுவிட்டான் என்றுதான் அர்த்தம். ஆகவே கம்பெனி வீட்டில் குடியிருப்பவன் விருந்தாளியல்ல. தன் உழைப்பால் வாடகை செலுத்தியவன். முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டு நன்றி சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்குக் கிடையாது.

முதலாளிக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. 1844ல் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்க முதலாளிகள் முதலில் கைவைத்தது வீட்டின்மீது. வீடு கம்பெனியுடையது அல்லவா? நோயாளிகளையும் குழந்தைகளையும் கூடப் பார்க்காமல் குடும்பம் குடும்பமாகத் தெருவில் இறக்கினார்கள். இதை அடுத்த வருஷமே எங்கெல்ஸ் தம் புத்தகத்தில் எழுதி வைத்தார். வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அன்றே கிடைத்த சாட்சியம் அது.

காம்பரா வீடான கதை

இலங்கை மலைநாட்டுக்கு வருவோம். முதலில் காப்பித் தோட்டம், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டம் என்று வெள்ளைக்காரத் துரைமார் காடு அழித்தபோது, கங்காணியின் பின்னால் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து நம் ஜனங்கள் போனார்கள். அவர்களுக்குக் கொடுத்த 'இலவச' வீடுதான் லயம். நீளமாக ஒரு கூரை; அதன் கீழ் வரிசையாக அறைகள். ஒரு அறை 10 அடிக்கு 12 அடி. அதற்குக் காம்பரா என்று பெயர். அதற்குள்ளேதான் அடுப்பு, படுக்கை, பிரசவம், சாவு எல்லாம். ஒரு காம்பராவில் இருமினால் பத்துக் காம்பராவில் கேட்கும்.

துரை கொடுத்தது இவ்வளவுதான். இதை வீடாக்கியவர்கள் யார்? நம் பெண்கள். கருக்கலில் எழுந்து, பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, குளிரிலும் மழையிலும் மலைச்சரிவில் கொழுந்து பறித்துவிட்டு, கூடையை இறக்கியபின் அவர்களுக்கு இரண்டாவது வேலை நாள் தொடங்கியது. இஸ்தோப்பு என்று சொல்லும் அந்தச் சிறு திண்ணையைச் சாணி போட்டு மெழுகினார்கள். வாசலில் கோலம் விழுந்தது. லயத்துக்குப் பின்னால் கிடைத்த கையகல இடத்தில் கீரைப் பாத்தி வந்தது, மாடு கட்டினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் வந்தாள். மாசி மாதம் காமன் கூத்து ஆடினார்கள். துரை தன் ஊர்ப் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தான். நம் ஜனங்கள் அதே தோட்டத்துக்குத் தமிழில் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்.

அந்நிய மண்ணில் கூலியாக இறக்கிவிடப்பட்டவன் 'நானும் மனிதன்' என்று செய்த பிரகடனம் இது. எண்ணிக்கைக்காக மட்டும் அவனைப் பிரட்டில் நிறுத்தினார்கள். வீட்டில் அவன் தகப்பன், மாமன், கூத்தில் வேஷம் கட்டுகிறவன். அந்த மரியாதை இல்லாமல் எந்த ஜனமும் தலைமுறை தலைமுறையாக உழைத்து உயிர் வாழ முடியாது.

நம்பியவர்களுக்கு நடந்தது

ஆனால் வாசலில் கோலம் போட்டதால் வாசல் சொந்தமாகிவிட்டதா? இல்லை. எதிர்த்துப் பேசினால் பத்துச்சீட்டு. சீட்டு கிழித்த அன்றே வேலை போயிற்று. வேலையோடு காம்பராவும் போயிற்று. 1946ல் கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று சர்க்கார் எடுத்தபோது, அங்கேயே வாழ்ந்த தோட்டக் குடும்பங்களுக்கு வெளியேறும்படி உத்தரவு வந்தது. அவர்கள் மறுத்தார்கள். சொந்த வீட்டில் குடியிருந்தவர்கள் அத்துமீறிப் புகுந்தவர்களாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள்! அதை எதிர்த்து மலைநாட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

பிறகு வந்தது பேரிடி. 1948ன் பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக் கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. அவர்களையும் 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். கப்பலேறி வந்தவர்களில் பலர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு. மறுபடியும் தேயிலை, மறுபடியும் வேலையோடு ஒட்டிய வீடு, வேலையில் ஓய்வு என்றால் வீட்டைக் காலி செய் என்ற பேச்சு.

அங்கேயே தங்கியவர்கள் கதி என்ன? 2014 அக்டோபர் 29ந் தேதி, பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண்ணோடு மண்ணாக மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. ஆனால் மாற்று நிலம் இல்லாதவன் எங்கே போவான்? பல வருஷப் போராட்டத்துக்குப் பின்தான் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற பேச்சு நடைமுறைக்கு வந்தது. 7 பேர்ச் என்றால் நம் கணக்கில் 4 சென்ட் சொச்சம். இருநூறு வருஷ உழைப்புக்கு 4 சென்ட்! அதுவும் எல்லோருக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் இதே கதைதான். நகரம் வளர்ந்து தோட்டம் மனையாக விற்கப்பட்டபோது, பால் மரம் சீவியவன் குடியிருந்த வரிசை வீடும் சேர்ந்து போயிற்று. வெளிநாடு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் திருநெல்வேலிச் சீமையின் மாஞ்சோலையில், தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்களிடம் 2024ல் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக் கொண்டு, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

இன்றைய லயங்கள்

சிங்கப்பூரில் இன்றைய லயத்துக்கு டார்மிட்டரி என்று பெயர். 2020ல் கொரோனா வந்தபோது சுமார் 3 லட்சம் தொழிலாளர்கள் இவற்றில் இருந்தார்கள். ஒரு அறையில் 12 பேர், 20 பேர் என்று அடுக்குக் கட்டில்கள். அந்த நாட்டின் தொற்றில் மிகப் பெரும் பகுதி இந்த அறைகளில்தான் பரவியது. வாசல் கேட்டுகள் மூடப்பட்டன; ஊரில் மற்றவர்கள் நடமாடத் தொடங்கிய பிறகும் இவர்கள் அடைபட்டே கிடந்தார்கள். 2021ல் புதிய விதி வந்தது: இனிக் கட்டும் டார்மிட்டரிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம். அதாவது 45 சதுர அடி. ஆறடிக்கு மூன்றடிக் கட்டில் இரண்டரை போடலாம். இந்த இடத்தைப் பெறுவதற்கே ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது!

குவைத்தில் 2024 ஜூன் 12ந் தேதி விடியற்காலை, மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கிய கட்டிடம் தீப்பற்றியது. தூக்கத்திலேயே புகை சூழ்ந்து மாண்டவர்கள் பலர். 45 இந்தியர்களின் உடல்கள் கொச்சிக்கு வந்தன. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். 'தங்க இடம் இலவசம்' என்ற வார்த்தைக்கு அந்த ஏழு வீடுகளில் இன்று என்ன அர்த்தம்?

"இரண்டு வருஷம்தானே, பல்லைக் கடித்துக் கொண்டு இருந்துவிட்டு வந்துவிடலாம்" என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். கங்காணியோடு போனவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு இருபதாகிறது. இரண்டே என்றாலும் எழுநூற்றுச் சொச்சம் இரவுகள். உழைத்துச் சோர்ந்த உடம்பு நிம்மதியாகப் படுக்காத இரவு, மறுநாள் சாரத்தின்மேல் கால் தடுமாறும் பகல்.

போகிற தோழர்களுக்கு

ஆகவே போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே அந்த அறையை வீடாக்குங்கள். அதைத் தனியாக ஒருவன் செய்ய முடியாது; சேர்ந்து செய்ய வேண்டும்.

ஒன்று: கையெழுத்துப் போடுமுன், தங்குமிடத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா, அறைக்கு எத்தனை பேர் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று ஊரில் வீட்டாரிடம் இருக்கட்டும்.

இரண்டு: போன முதல் இரவே மாடிப்படி எங்கே, வெளியேறும் கதவு எங்கே, இரவில் அது பூட்டப்படுகிறதா என்று பாருங்கள். ஒரே பிளக்கில் நாலு அடுப்பு சொருகாதீர்கள். சாமி படத்துக்கு இடம் பார்க்குமுன் உயிருக்கு வழி பாருங்கள்.

மூன்று: கூட்டாகச் சமையுங்கள். செலவுக் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். முறை வைத்துக் கூட்டுங்கள். இரவு ஷிப்டு முடிந்து தூங்குகிறவனின் தூக்கத்தை அறை முழுவதும் காக்கட்டும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே பானையில் சோறு பொங்கட்டும்.

நாலு: அந்த அறையில் சாதி வேண்டாம், ஜில்லா வேண்டாம். வங்காளியும் நேபாளியும் மலையாளியும் உங்கள் பக்கத்துக் கட்டில்காரர்கள். முதலாளியின் கணக்கில் நீங்கள் எல்லோரும் ஒரே வகை. மூட்டைப்பூச்சி, தண்ணீர், ஒழுகும் கூரை எதுவானாலும், ஒருவன் போய் முறையிடாமல் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒருவனை ஊருக்கு அனுப்புவது சுலபம். ஒரு அறையையே அனுப்புவது சுலபமல்ல.

கேட்க வேண்டியது

அறைக்குள் நாம் செய்வது பாதி. மீதியைச் சர்க்கார்கள் செய்தாக வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1961லேயே தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 115ம் சிபாரிசில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஊர்களுக்கு வெகு தூரத்திலுள்ள தொழில் போன்ற அவசியமான சந்தர்ப்பங்களைத் தவிர, முதலாளியே நேராக வீடு கொடுப்பது பொதுவாக விரும்பத் தக்கதல்ல. அப்படிக் கொடுத்தாலும் சங்கம் சேரும் உரிமை உள்ளிட்ட தொழிலாளியின் அடிப்படை உரிமைகளை மதிக்க வேண்டும். வாடகையில் கொள்ளை லாபம் கூடாது. அறுபது வருஷத்துக்கு மேலாக இது காகிதத்தில் கிடக்கிறது.

இந்திய சர்க்கார் தொழிலாளர்களை அனுப்புவது பற்றி அந்நிய நாட்டோடு பேசும் ஒவ்வொரு முறையும் இதை மேஜைமேல் வைக்கட்டும். ஆளுக்கு எத்தனை சதுர அடி, தீக்குப் பாதுகாப்பு என்ன, யார் பரிசோதிப்பது என்று எழுதி வாங்கட்டும். வேலை போன அன்றே ஒருவனைப் படுக்கையோடு வெளியே தள்ளக் கூடாது. சம்பளப் பாக்கியை வாங்கவும் வேறு வேலை தேடவும் அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் இல்லாதவன் எந்த அநியாயத்தையும் வாய் திறந்து கேட்க மாட்டான் என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே இருக்கும் நமக்கும் வேலை இருக்கிறது. பிள்ளை பணம் அனுப்பினானா என்று கேட்பதோடு நிற்காமல், எங்கே படுக்கிறான், அறையில் எத்தனை பேர், கதவு திறக்கிறதா என்றும் கேளுங்கள். ஏஜெண்டு ஊருக்குள் வரும்போது திண்ணையில் உட்கார வைத்து, பத்துப் பேர் முன்னிலையில் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லாதவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

மெழுகிய திண்ணையையும் போட்ட கோலத்தையும் நம் பாட்டிகள் விட்டுவிட்டு வர நேர்ந்தது, அவர்கள் வீடாக்கத் தெரியாதவர்களாக இருந்ததால் அல்ல. சாவி வேறொருவன் கையில் இருந்தது. அவர்களுடைய பேரன்மார் கையில் அந்தச் சாவி வந்து சேர ஒன்றுபட்டுக் குரல் கொடுப்போம்!