படகு மூடியை ஒட்டிவிடாதீர்கள்

விழுப்புரத்தில் பேரன் செய்த ரிமோட் படகை, திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது ஏரியில் விட்டோம். பத்தே நிமிடத்தில் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. மூடியைச் சுற்றி எம்-சீல் பூசியிருந்தான். ஆனால் தண்ணீர் புகுந்தது மோட்டார் தண்டு வெளியே வரும் குழாய் வழியாக! பேட்டரியைக் காப்பாற்ற மூடியை உடைக்க வேண்டியதாயிற்று. பிள்ளை அழுதுவிட்டான். பூசச் சொன்னவன் நான்தான்.

பேட்டரி மாற்றவும் ஈரம் துடைக்கவும் திறக்க வேண்டிய மூடி அது. வெட்டிய வாயைச் சுற்றி அரை அங்குலம் வரப்பு எழுப்பி, டிபன்பாக்ஸ் மூடிபோல் கவிழ்த்தாலே பாதி வேலை முடிந்தது. மூடியின் உள்ளே ஸ்பாஞ்ச் டேப், வெளியே இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று, தண்டுக் குழாயில் கிரீஸ். நிஜக் கப்பலிலும் இப்படித்தான். 1966 சர்வதேச ஒப்பந்தம், திறந்த மேல்தளத்துச் சரக்கறை வாய்களுக்கு 600 மில்லிமீட்டர் வரப்பு கேட்கிறது.

அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போகும் ஆசிரியர்களுக்கு ஒன்று. பெயின்டைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள் (நானும் போட்டவன்தான்). படகுக்குள் ஒரு துண்டுச் செய்தித்தாளை வைத்து, தொட்டியில் கால் மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு மூடியைத் திறந்து தாளைத் தொட்டுப் பாருங்கள்.