அலை உடையாத இடம்

ஞாயிறு விடியற்காலை பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனால் இரண்டு ரகத் தூண்டில்காரர்களைப் பார்க்கலாம்.

முதல் ரகம் நம்மாள். பத்தடி ராடு, பளபள ரீல், பதினெட்டு பாக்கெட் வைத்த பேன்ட். மூச்சைப் பிடித்து ஒரு வீசு வீசினால் ஈயக்குண்டு அந்தமானுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் போய் விழும். இரண்டாவது ரகம், காலி பாட்டிலில் தங்கூஸ் சுற்றிக்கொண்டு வரும் குப்பத்துப் பெரியவர். கூப்பிடு தூரத்துக்குக்கூட எறிய மாட்டார். ஒரு மணி நேரத்தில் அவர் பையில் பத்துக் கிழங்கான். நம்மாளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அதுவும் ஓட்டை.

இதில் மாயம் மந்திரம் எதுவும் இல்லை சார். மணல் கரையில் அலை முதலில் உடையும் இடத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒரு மணல் திட்டு இருக்கும். அதற்கும் கரைக்கும் நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். அலை கிளறிவிடும் புழு, குட்டி நண்டு எல்லாம் அங்கேதான் சேரும். டிபன் கிடைக்கிற இடத்துக்குத்தானே கிழங்கான் வரும்? நம்மாள் ஓட்டலைத் தாண்டிப்போய் ஹைவேயில் இலை போடுகிறார்!

நேரமும் பார்க்கணும். தண்ணீர் ஏறும்போது மீன் கரையை ஒட்டி மேயவரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். ஆனால் ஏற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். ஆபீஸ் மாதிரி பத்து மணிக்கு டாண்ணு வராது. (ஆபீஸுக்கும் யார் வர்றாங்க என்கிறீர்களா, அது வேறு கதை.)

கெளுத்தி மாட்டினால் சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று விஷ முள். குத்திவிட்டால், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். அப்புறம் டாக்டர்.

இனி முக்கியமான சமாசாரம். மணல் திட்டில் எங்கேயாவது உடைப்பு இருந்தால், கரையேறிய தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் அலை நுரைக்கும். நடுவில் மட்டும் உடையாமல், கொஞ்சம் கலங்கலாக, பரம சாதுவாக இருக்கும். இரை அடித்துவருகிற வாசல் என்பதால் பாரை மாதிரிப் பெரிய மீன்கள் அங்கே காத்திருக்கும். தூண்டிலுக்கு முதல் கிளாஸ் இடம்.

காலுக்கு மகா மோசமான இடம். 'அலையே இல்லையே' என்று குடும்பத்தோடு குளிக்க இறங்குவதும் அங்கேதான். மார்பளவு ஆழம் வருவதற்குள் தண்ணீர் ஆளை உள்ளே இழுத்துவிடும். எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் நீச்சல் வீரனும் களைத்துப் போவான். பதறாமல் மிதந்து, கையைத் தூக்கிக் கூப்பிடணும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரணும்.

அதே பீச்சில் நாம் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிற வெள்ளை வளைவு, 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப்போய் உயிரைவிட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம். சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அதை நினைக்கலாம்.

ஆகவே, தூண்டில் போடுமுன் ஐந்து நிமிஷம் சும்மா நின்று கடலைப் பாருங்கள். அலை உடையாத இடத்தைக் கண்டுபிடித்தால் மீனுக்காகப் பக்கத்து ஈர மணலில் நில்லுங்கள். முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். மாட்டிய தங்கூஸை விடுவிக்க உள்ளே போகவே போகாதீர்கள், அறுத்து விடுங்கள்.

மீன் மார்க்கெட்டிலும் கிடைக்கும். நீங்கள் கிடைக்க மாட்டீர்கள்.