ரயில் கூவினால் யாருக்கு நஷ்டம்?

சனிக்கிழமை ஆனால் போதும். ஃபிளாஸ்கில் காபி, தோளில் கேமரா, பையில் ஒலிப்பதிவுக் கருவி சகிதம் கிளம்பிவிடுவேன். எங்கே? ரயில் பார்க்க! "தாம்பரத்தில் நீ பார்க்காத ரயிலாடா?" என்று அம்மா போனில் சிரிக்கிறார். நான் என்ன செய்ய, ஆறு வயதில் பிடித்த பைத்தியம், கலிஃபோர்னியா வரை கூடவே வந்துவிட்டது :-)

ஆனால் இங்கே இருப்பது சாதாரணப் பாதை இல்லை மக்களே. சான் டியேகோவில் தொடங்கி லாஸ் ஏஞ்சலஸ் வழியாக சான் லூயிஸ் ஒபிஸ்போ வரை 351 மைல். அதில் டெல் மார் என்ற ஊரில் மணற்பாறை மேட்டின் விளிம்பிலேயே தண்டவாளம் ஓடும். கீழே பார்த்தால் பசிபிக் கடல், அலைச்சறுக்குக்காரர்கள். பசிபிக் சர்ஃப்லைனர் அந்த மேட்டில் வரும்போது, ரயில் கடல்மேல் மிதந்து வருவது போல இருக்கும். கோஸ்டர் என்ற உள்ளூர் ரயிலும் உண்டு. ராத்திரியில் சரக்கு ரயிலும் வரும். இங்கேதான் பிரச்சினை.

நான் பதிவு செய்வது படத்தை விட ஹாரனைத்தான். இரண்டு நெடில், ஒரு குறில், மறுபடி ஒரு நெடில். அமெரிக்காவில் எந்த லெவல் கிராசிங் வந்தாலும் இதே தாளம்தான். பல பயணிகள் ரயில்களில் இருப்பது ஐந்து குழல் ஹாரன். ஐந்தும் சேர்ந்து ஒரு முழு இசைக்கோவையாக ஒலிக்கும். இந்த வகை ஹாரன்களை உருவாக்கியவர் கனடாவின் ராபர்ட் ஸ்வான்சன். டீசல் வந்த புதிதில் ஒற்றை ஸ்வர ஹாரனைக் கேட்டவர்கள் லாரி என்று நினைத்து ஏமாந்தார்கள். நீராவி ரயிலின் விசில் போல ஒலித்தால் மக்கள் விலகுவார்கள் என்று நினைத்தார் மனிதர். ஆக, நாம் ரசிக்கும் அந்த இசை, உயிரைக் காப்பாற்றப் போட்ட மெட்டு.

இப்போது இந்தக் கடற்கரை ஊர்களில் "ஹாரன் இல்லாத அமைதி மண்டலம் வேண்டும்" என்ற பேச்சு. உடனே நான் கொதித்து எழுவேன் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். போன மாதம் என் அறைத்தோழன் ஒருநாள் காலை சிவந்த கண்ணோடு வந்து நின்றான்.

"மச்சி, உனக்கு அது சங்கீதம். எனக்கு மூணு மணிக்குத் தூக்கம் போச்சுடா. எட்டு மணிக்குப் பரீட்சை."

பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் வீடு தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரம். விதிப்படி ஹாரன் சத்தம் ரயிலுக்கு 100 அடி முன்னால் குறைந்தது 96 டெசிபல், அதிகபட்சம் 110 டெசிபல் இருக்க வேண்டும். தூங்குகிறவன் எழுந்துதான் ஆக வேண்டும், அதற்காகத்தானே அது!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2005-ல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிப்படி, கிராசிங்கை அடைய 15 முதல் 20 வினாடி இருக்கும்போது ஊத ஆரம்பிக்க வேண்டும். 60 மைல் வேகத்தில் 15 வினாடி என்றால் சரியாகக் கால் மைல். ஹாரன் வேண்டாம் என்றால் நகராட்சி அமைதி மண்டலம் அமைக்கலாம். குறைந்தது அரை மைல் நீளம் வேண்டும். எல்லாப் பொதுக் கிராசிங்கிலும் கேட்டும் மின்னும் விளக்கும் வேண்டும். அதற்கு மேல் நான்கு பக்கமும் மூடும் கேட், மூடிய கேட்டைச் சுற்றிக்கொண்டு போகாமல் நடுவில் தடுப்பு என்று சில ஏற்பாடுகள். ஆபத்து வந்தால் ஓட்டுநர் அப்போதும் ஊதலாம், அதற்குத் தடை இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டை. ஆபத்தைக் கணக்கிடும்போது மண்டலத்தில் உள்ள எல்லாக் கிராசிங்குக்கும் சேர்த்து சராசரி போடுகிறார்கள். அந்தச் சராசரி தேசிய வரம்புக்குள் இருந்தால், கூடுதல் ஏற்பாடு எதுவும் செய்யாமலே மண்டலம் கிடைத்துவிடும். கணக்கின் அடிப்படை வாகனங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, அலைப்பலகையை இடுக்கிக்கொண்டு, ஈரக்காலோடு தண்டவாளம் தாண்டுகிற பையன் அந்தச் சூத்திரத்தில் இல்லை. இந்தக் கடற்கரையில் தாண்டுகிறவர்களில் பாதி அவன்தானே!

ஹாரனை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடா பாடம் இருக்கிறது. 1984-ல் அந்த மாநிலம், கேட் இருக்கும் கிராசிங்குகளில் இரவு ஹாரனைத் தடை செய்ய ஊர்களுக்கு அனுமதி கொடுத்தது. அங்கும் கிழக்குக் கடற்கரை ரயில்பாதைதான். தடை வந்த கிராசிங்குகளில் இரவு விபத்து விகிதம் 195 சதவீதம் கூடியது, அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. 1991-ல் மத்திய ரயில்வே நிர்வாகம் அவசர உத்தரவு போட்டு ஹாரனைத் திரும்பக் கொண்டுவந்தது. விபத்துகள் மளமளவென்று குறைந்தன. கேட் இருந்தது, விளக்கு இருந்தது, மணியும் இருந்தது. ஹாரன் மட்டும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் அறைத்தோழன் தூங்கவே கூடாதா? இதை நாலு வாரம் யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

ஒன்று, இரவு மட்டும் அமைதி. இரவு 10 முதல் காலை 7 வரை மட்டும் என்று பகுதி நேர மண்டலம் அமைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கடற்கரைக்கு நடந்து போகிற கூட்டம் பகலில். தூங்குகிறவர்கள் இரவில். பகல் ஹாரனை எடுத்து யாருக்கு என்ன லாபம்?

இரண்டு, சராசரிக் கணக்கு வேண்டாம். ஃபுளோரிடாவில் தப்பு நடந்தது இரவில்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு கிராசிங்கிலும் நாலு பக்கக் கேட்டோ நடுத்தடுப்போ முதலில் வரட்டும். நடப்பவர்களுக்குத் தனியாகச் சின்ன கேட் வரட்டும். அதன் பிறகு ஹாரனை நிறுத்துங்கள்.

மூன்று, பணம். இந்தச் செலவு பெரும்பாலும் ஊர் தலையில்தான் விழுகிறது. கடல் பார்த்த வீடு வைத்திருக்கும் ஊர் கொடுத்துவிடும். தண்டவாள ஓரத்தில் வாடகைக்கு இருக்கும் ஏழைப் பேட்டைக்கு யார் கொடுப்பார்கள்? பணம் இருக்கும் ஊருக்கு மட்டும் தூக்கம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொருவரையும் யோசித்துப் பாருங்கள். ரயிலை ஓட்டுகிறவர். சட்டென்று நிறுத்த முடியாத வண்டி அவருடையது. தூரத்தில் ஒருவன் தண்டவாளத்தில் நடக்கிறான் என்றால் அவர் கையில் இருப்பது பிரேக்கும் ஹாரனும் மட்டும்தான். பிரேக் பிடித்து ரயில் நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவர் நம்புவது ஹாரனை.

நகரமன்றக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாமாம். பெயர் கொடுத்திருக்கிறேன். "அமைதி மண்டலமே வேண்டாம்" என்று பேசப்போவதில்லை. மேலே சொன்ன மூன்றையும் கேட்கப்போகிறேன். அறைத்தோழனும் வருகிறான், எதிர்த்துப் பேச அல்ல, இரவுக்கு மட்டும் என்றால் அவனுக்கும் சம்மதமாம்.

அதுவரை சனிக்கிழமைகள் இருக்கின்றன. இதுவரை நாற்பத்தியொரு ஹாரன்கள் பதிவாகிவிட்டன. ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கடைசி நெடிலை இழுப்பதில் ஒரு தனி பாணி உண்டு. ஒருவர் பிடிவாதமாக நீட்டுவார், ஒருவர் வெடுக்கென்று முடிப்பார். வந்து கேட்டுப் பாருங்கள், காபி என் செலவு. தண்டவாளத்தைக் கேட் இருக்கும் இடத்தில் மட்டும் தாண்டி வாருங்கள், சரியா?

பி.கு.: பரீட்சையில் அவன் என்னை விட அதிக மார்க். ஹாரனைக் குறை சொல்ல இனி வாயே திறக்கக் கூடாது!