நீர்க் கட்டணமும் மறைத்து வைத்த ஒப்பந்தமும்



2024 பிப்ரவரியில் தீபகற்ப மலேசியா முழுவதும் நீர்க் கட்டணம் உயர்ந்தபின் ஒரு பேச்சு மீண்டும் காதில் விழுகின்றது. சிலாங்கூரில் தனியார் நிறுவனம் கேட்ட கட்டண உயர்வை அன்றே கொடுத்திருந்தால், குழாய்கள் இப்படிப் பழுதாகியிருக்க மாட்டாவாம். படித்தவர்களே இதைச் சொல்வதால் மறுத்து எழுத வேண்டியுள்ளது.

2005 சனவரி முதல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களின் நீர் விநியோகம் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் சபாஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் 70 விழுக்காட்டுப் பங்கு அப்போது புஞ்சாக் நியாகாவுக்கு உரியதாக இருந்தது. 2006 நவம்பரில் கட்டணம் 15 விழுக்காடு உயர்ந்தது. அடுத்து 2009இல் 37, 2012இல் 25, 2015இல் 20 விழுக்காடு என உயர்வுகள் வரிசை கட்டி நின்றன.

இந்த மூன்று எண்களையும் மாணவர்களிடம் கொடுத்து மொத்த உயர்வு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பலர் கூட்டிவிட்டு 82 விழுக்காடு என்பார்கள். (பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்!) உண்மைக் கணக்கு வேறு. 100 வெள்ளி முதலில் 137 ஆகும். அதன்மேல் 25 விழுக்காடு ஏறினால் 171.25, அதன்மேல் 20 ஏறினால் 205.50. ஆறே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல்! மாதம் 35 கனமீட்டர் நீர் பயன்படுத்தும் குடும்பம் 2006ஆம் ஆண்டுக் கட்டணப்படி 26.85 வெள்ளி செலுத்தியது. அது 55 வெள்ளியைத் தாண்டியிருக்கும். அந்த ஆறு ஆண்டுகளில் எந்தத் தொழிலாளியின் சம்பளம் இரு மடங்கானது?

கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால் நீரிழப்பைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கசிவு, திருட்டு, மீட்டர்ப் பிழை ஆகியவற்றால் வருவாய் தராமல் போகும் நீரையே நீரிழப்பு என்கிறோம். அது குறைந்ததா என்பதைப் பொதுமக்கள் எப்படி அறிவது? ஒப்பந்தமும், 15 விழுக்காட்டு உயர்வுக்கு அடிப்படையான தணிக்கை அறிக்கையும் அரசாங்க இரகசியமாக வைக்கப்பட்டன. அவற்றைக் காட்டுமாறு மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் நீதிமன்றம் சென்றது. 2010இல் உயர்நீதிமன்றம் காட்டச் சொன்னது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. கடைக்காரர் ரசீதைக் காட்ட மறுத்தால் சண்டை பிடிக்கும் நாம், முப்பது ஆண்டுக் கணக்கைக் காணாமலேயே பணம் கட்ட வேண்டுமா?

2009ஆம் ஆண்டின் உயர்வை மாநில அரசு மறுத்தது. நிறுவனம் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தது. உயர்த்தினாலும் மக்கள் பணம், மறுத்தாலும் மக்கள் பணம் என்றால், இலாபம் தவிர நிறுவனம் சுமந்த பொறுப்புதான் என்ன? 2011இல் சிலாங்கூர் நீர் நிறுவனங்களின் ஏறக்குறைய 580 கோடி வெள்ளிக் கடன் பத்திரங்களை மத்திய அரசின் துணை அமைப்பு வாங்கிக் கொண்டது. 2015இல் மாநில அரசின் ஆயர் சிலாங்கூர் நிறுவனம் சபாஸைக் கையகப்படுத்தியது. எஞ்சியிருந்த ஸ்பிளாஷ் நிறுவனத்துக்கு 255 கோடி வெள்ளி விலை பேசி முடித்தது 2018இல். பொதுச்சொத்தைப் பொதுப்பணத்தாலேயே மீட்ட கதை இது.

குழாய் மாற்றப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 2024இல் முதல் 20 கனமீட்டருக்கு 57 சென் 65 சென்னானது. அதை நான் வரவேற்கவில்லை. ஆயினும் பங்குதாரருக்கு இலாபம் ஈட்டித் தர வேண்டிய நிறுவனம் கேட்ட 37 விழுக்காட்டோடு அதை ஒப்பிடுவது முறையன்று. அன்றைய மறுப்பினால்தான் ஏழைக் குடும்பங்கள் பதினேழு ஆண்டுகள் பழைய கட்டணத்திலேயே நீர் பெற்றன. 2008 முதல் மாதம் 20 கனமீட்டர் இலவச நீரும் கிடைத்தது. 2020இலிருந்து அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டுமே என்றானது; அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பள்ளிப் பெற்றோரில் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதோர் உண்டா என்று அருள்கூர்ந்து கேட்டுப் பாருங்கள்.

பல் துலக்கும்போது குழாயை மூடு என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாடு முழுவதும் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வருவாய் தராமலேயே போயிருக்கிறது. அடுத்த உயர்வை அறிவிக்க வருபவரிடம், அது தனியாரோ அரசோ, சென்ற உயர்வில் கிடைத்த பணத்தில் எத்தனை கிலோமீட்டர்ப் பழைய குழாய் மாற்றினீர்கள், நீரிழப்பு எவ்வளவு குறைந்தது என்று எழுத்து மூலம் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரிலேயே அக்கடிதத்தை அனுப்பலாம்.