மண்டப வாடகை

2025 பிப்ரவரியில் அக்கா ரங்கநாதன் தெருவுக்குப் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். சென்னையில் ஸ்வெட்டர் வாங்குவதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று கொடைக்கானல், இன்னொன்று அமெரிக்கா. அவள் பையனுக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம்) பி.எச்.டி. அட்மிஷன் கிடைத்திருந்தது. மாசாமாசம் உதவித்தொகையோடு. காசநோய்க் கிருமியைப் பற்றி ஆராய்ச்சி.

மார்ச்சில் ஈ-மெயில் வந்தது. வருந்துகிறோம், நிதி நிலைமை சரியில்லை, இந்த வருஷம் உங்களைச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை.

"நான் ஃபெயில் ஆயிட்டேனா மாமா?" என்றான்.

"இல்லடா. காலேஜ்தான் ஃபெயில் ஆயிடுச்சு."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி ஃபெயில் ஆனது என்று எனக்கும் தெரியாது. ஆபீஸில் ரொம்ப வேலை இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதையே படித்தேன்.

வானவர் புஷ் என்கிற இன்ஜினீயர் 1945-ல் அமெரிக்க ஜனாதிபதிக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். (பின்னால் வந்த ஜனாதிபதி புஷ்களுக்குச் சொந்தமில்லை.) அரசாங்கம் பணம் தரட்டும், பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி செய்யட்டும் என்பது சாராம்சம். ஏற்பாடு எண்பது வருஷம் ஓடியது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தால், கட்டடம், கரண்ட், கணக்குப்பிள்ளை என்று மேல்செலவுக்குத் தனியாக ஒரு தொகையும் கொடுப்பார்கள். ஹார்வர்டுக்கு அது 69 சதவிகிதம். அநியாயம் என்று தோன்றுகிறதா? கல்யாணத்தில் சமையல்காரருக்குக் கூலி கொடுத்துவிட்டால் ஆயிற்றா? மண்டப வாடகை, கேஸ், தண்ணி லாரி யார் தருவது? 2025 பிப்ரவரி 7-ம் தேதி, மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் என்.ஐ.எச்., 'இனிமேல் எல்லோருக்கும் 15 சதவிகிதம்தான்' என்றது. வெள்ளிக்கிழமை சொல்லி, திங்கட்கிழமையிலிருந்து அமல். எங்கள் ஜி.எம்.கூட இப்படிச் செய்ததில்லை. கோர்ட் குறுக்கே வந்து தடுத்துவிட்டது. ஆனாலும் பயம் பரவிவிட்டது.

பயந்த பல்கலைக்கழகம் என்ன செய்யும்? நம் கம்பெனிகள் செய்வதைத்தான். ஸ்டான்ஃபோர்டு புது ஆள் எடுப்பதை நிறுத்தியது. மாசசூசெட்ஸில் சான் மருத்துவப் பள்ளி, கொடுத்த பி.எச்.டி. இடங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வெளிநாட்டு உதவிப் பணம் 80 கோடி டாலர் போனதில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2,000 பேருக்கு மேல் வேலை போயிற்று. கவனித்தீர்களா, முதலில் அடி விழுவது இன்னும் வாசற்படி ஏறாத பையனுக்கு. அவனுக்கு யூனியன் கிடையாது.

பெரிய இடத்துச் சண்டை வேறு ரகம். யூத மாணவர்களைப் பாதுகாக்கவில்லை என்று கொலம்பியாவுக்கு 40 கோடி டாலரை நிறுத்தினார்கள். அது ஜூலையில் 20 கோடி டாலர் கட்டச் சம்மதித்து சமாதானம் ஆனது. ஹார்வர்டு ஏப்ரலில் 'உங்கள் நிபந்தனை எதுவும் ஆகாது' என்றது. அன்றைக்கே 220 கோடி டாலர் முடக்கம். காசநோய் ஆராய்ச்சி செய்யும் சாரா ஃபார்ச்சூனுக்கு மறுநாளே 'வேலையை நிறுத்து' என்று உத்தரவு. (பெயர் ஃபார்ச்சூன்!) ஹார்வர்டு கேஸ் போட்டது. அதே ஏப்ரலில் 75 கோடி டாலர் கடன் திரட்டியது. மே மாதம், ஆராய்ச்சிக்கென்று 25 கோடியைச் சொந்தப் பையிலிருந்து ஒதுக்கியது. தலைவர் ஆலன் கார்பர் தன் சம்பளத்தில் 25 சதவிகிதத்தைக் குறைத்துக்கொண்டார். (இந்த வரியை வெட்டி எங்கள் எம்.டி.யின் மேஜையில் வைக்க ஆசை. எனக்கு வேலை வேண்டும் என்பதால் வைக்கவில்லை.) செப்டம்பர் 3-ம் தேதி நீதிபதி அலிசன் பரோஸ், பணத்தை நிறுத்தியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். அரசாங்கம் அப்பீல் போனது.

"5,300 கோடி டாலர் வெச்சிருக்கிறவனுக்கு எதுக்கு சார் கடன்?" என்றார் பக்கத்து சீட்காரர். நியாயமான கேள்வி. அதில் பெரும்பகுதி, இன்ன காரியத்துக்கு என்று எழுதிக் கொடுத்த நன்கொடை. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினார்களே, அதில் தமிழ்நாடு அரசு கொடுத்தது 10 கோடி ரூபாய். அந்தப் பணத்தை எடுத்து எலி வளர்த்தால் சும்மா விடுவோமா? அன்னதானத்துக்குக் கொடுத்த பணத்தில் தேருக்குப் பெயின்ட் அடிக்க முடியாது.

பையன் இப்போது பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல். 'மாத்திரை எண்றான்' என்கிறாள் அக்கா. மறுபடி அப்ளை பண்ணச் சொன்னேன்.

"அப்ளிகேஷன் ஃபீஸ் நீங்க கட்டறீங்களா மாமா?"

கட்டினேன், இரண்டு இடத்துக்கு. அதற்கு மேல் என் பட்ஜெட்டிலும் வெட்டு.

ஸ்வெட்டர் என்னிடம்தான் இருக்கிறது. ஆபீஸ் ஏ.சி.க்குப் போட்டுக்கொள்கிறேன், கை கொஞ்சம் நீளம். 'கிழிச்சுடாதீங்க, திருப்பிக் கேப்பேன்' என்று போனில் சொல்லியிருக்கிறான்.