பூதத்தை விடுங்கள், பெட்டியைப் பூட்டுங்கள்

எனக்கு வயது எழுபத்து நான்கு. கைபேசியில் ராட்சத ரோபோக்களை வைத்துச் சண்டை போடும் விளையாட்டை ஆடுகிறேன். இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் வாசுதேவநல்லூரில் இதைச் சொன்னால், குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தேன் என்று சொன்ன மாதிரி முகம் மாறுகிறது. “என்ன அண்ணாச்சி, பேரப்பிள்ளைதான் கெட்டுப் போறான்னா நீங்களுமா?” என்று போன வாரம் ஒருவர் கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். நடுத்தெருவில் நின்றுகொண்டு அவருக்கு முழுப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வாதம் சின்னது. விளையாட்டு வேறு, சூது வேறு. ரோபோச் சண்டை விளையாட்டு. அதே திரையின் மூலையில் காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டி சூது. பெரியவர்கள் நாம் முதலாவதைத் திட்டித் தீர்க்கிறோம். இரண்டாவது இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பெட்டி விற்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

முதலில் சண்டையைச் சொல்கிறேன். நானும் என் பேரனும் ஆடுவதன் பெயர் ‘வார் ரோபோட்ஸ்’. 2014இல் வந்தது. இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். யார் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஒவ்வொருவரும் ஐந்து ரோபோ வரை வைத்துக்கொள்ளலாம். ஒன்று நொறுங்கினால் அடுத்தது இறங்கும். களத்தில் விளக்குத் தூண் மாதிரி சில நிலைகள் இருக்கும். அவற்றை எந்த அணி அதிக நேரம் தன் கையில் வைத்திருக்கிறதோ அந்த அணி ஜெயிக்கும். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

கோட்டைச் சண்டையை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பூலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று நின்ற மண் இது. 1759இல் யூசுப் கான் பீரங்கியோடு வந்தும் அதை எளிதில் பிடிக்க முடியவில்லை. 1761இல்தான் அது விழுந்தது. எதிரியைத் துரத்திப் போய் அடிப்பவனைவிட, இடத்தை விடாமல் நிற்பவன்தான் சண்டையை முடிக்கிறான் என்பது அந்தக் காலத்துப் பாடம். திரையிலும் அதே பாடம்தான். என் விரல் வேகமாக ஓடாது. ஆகவே கட்டிடத்தின் மறைவில் நின்று ஒரு நிலையைக் காவல் காப்பேன். பேரன் முன்னால் போவான். “தாத்தா, அங்கனயே நில்லுங்க, அசையாதீங்க!” என்பான். முப்பத்தைந்து வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவனுக்கு இது கைவந்த கலை.

புதிதாக வருபவனுக்கு ஆரம்பத்தில் கிடைக்கும் சின்ன ரோபோவின் பெயர் ‘டெஸ்ட்ரியே’. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய பிரெஞ்சில் அது போர்க்குதிரை. வீரன் ஏறும்வரை அவனுடைய உதவியாள் அதை வலக்கையால் பிடித்து நடத்தி வருவான். ‘வலக்கை’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பேரனுக்கு இதைச் சொன்னேன். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த ரோபோவுக்குக் ‘குதிரை’ என்று பெயர்.

“இப்படிச் சுடுவதும் நொறுக்குவதும் பிள்ளைகள் மனதைக் கெடுக்காதா?” என்பது ஆசிரியரின் அடுத்த கேள்வி. இது புதிய கேள்வி அல்ல. 1978 ஜூலையில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ‘கோல்டோராக்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பானது. ராட்சத ரோபோவின் உள்ளே ஓர் இளைஞன் உட்கார்ந்து எதிரிகளை வெட்டி வீழ்த்துவான். பிள்ளைகள் பைத்தியமாகத் திரிந்தார்கள். பெரியவர்கள் வன்முறை, மூளைச்சலவை என்று கூச்சல் போட்டார்கள். பிறகு 1989இல் செகொலேன் ரொயால் என்ற அரசியல்வாதி ஜப்பானியக் கார்ட்டூன்களைச் சாடி ஒரு புத்தகமே எழுதினார். அன்று அந்த ரோபோவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயதுக்கு மேல். என் சொந்தத்திலேயே அங்கே சிலர் இருக்கிறார்கள். ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் ரயில் ஓட்டுகிறார். ரோபோ அவர்களைக் கெடுக்கவில்லை. கோல்டோராக் அவர்களிடம் பெட்டி விற்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

நாம் சிறுவர்களாக இருந்தபோது பெட்டிக்கடையில் பரிசு அட்டை தொங்கும். ஐந்து பைசா கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் உள்ளே ஒரு எண் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பெரிய பலூன், இல்லாவிட்டால் ஒரு மிட்டாய். கைபேசிப் பெட்டியும் அதேதான். காசு கொடுத்தால் திறக்கும். உள்ளே உயர்ந்த ரோபோ இருக்கலாம். பெரும்பாலும் உதிரிச் சாமான்தான் இருக்கும். நான் ஆடுவது உட்பட இந்த வகை விளையாட்டுகள் பலவற்றில் இப்படிப் பெட்டிகள் உண்டு. ஒரு வித்தியாசம்: பரிசு அட்டையில் எத்தனை சீட்டு மிச்சம், பெரிய பலூன் போய்விட்டதா என்று கண்ணால் பார்க்கலாம். கடைக்காரரும் இரண்டாவது தடவைக்கு மேல் போனால், “போதும்டா, வீட்டுக்குப் போ” என்பார். இங்கே கடைக்காரர் கிடையாது. அட்டையும் தீராது.

எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய். மகன் ஒன்பதாம் வகுப்பு. போன வருஷம் வங்கிப் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் கணக்கு என்றால் இங்கேதான் வருவார்கள். “ஐயா, பணம் குறையுது. யாரு எடுக்கான்னு பாருங்க” என்றார். பார்த்தேன். 89 ரூபாய், 89 ரூபாய், 89 ரூபாய். ஆறு வாரத்தில் 49 தடவை. மொத்தம் 4,361 ரூபாய். எந்த விளையாட்டு என்று சொல்லப் போவதில்லை. அது நான் ஆடுவது அல்ல. தங்க நிறத்தில் ஒரு ரோபோ, அது பெட்டியில் வரும் என்று பையன் காத்திருந்திருக்கிறான். வரவில்லை. “களவாணிப் பயல வளத்திருக்கேனே!” என்று அந்தத் தாய் அடித்த அடியை என் வீட்டுத் திண்ணையில் நின்று தடுத்தேன். அவன் களவாடியது உண்மை. அவனிடம் களவாடியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். தங்க ரோபோ நூறு பெட்டிக்கு ஒன்று என்ற விகிதத்தில் வரும் என்று வைத்துக்கொள்வோம். நூறு பெட்டி திறந்தால் கட்டாயம் ஒன்று கிடைக்கும் என்று பையன் நினைப்பான். நம்மில் பலரும் அப்படித்தான் நினைப்போம். கிடையாது. நூறு பையன்கள் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால், சுமார் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஒவ்வொருவனும் கொடுத்தது 8,900 ரூபாய். ஒவ்வொரு பெட்டியும் புதுப் பெட்டி. முன்பு ஏமாந்தது அதற்குத் தெரியாது. 1654இல் பஸ்கால் என்ற பிரெஞ்சு அறிஞர், சூதாட்டப் பணத்தை நடுவில் எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்காக ஃபெர்மா என்பவருக்குக் கடிதங்கள் எழுதினார். நிகழ்தகவுக் கணக்கே அங்கிருந்துதான் வளர்ந்தது. முன்னூற்றெழுபது வருஷமாக உலகத்துக்குத் தெரிந்த கணக்கு இது. விற்பவனுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரியாது. சகுனியின் பகடையாவது சபையில் எல்லோர் கண்முன்னும் உருண்டது. இந்தப் பகடை எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குள் உருள்கிறது.

“அதுதான் சட்டம் வந்துவிட்டதே” என்பீர்கள். வந்தது, நல்லதுதான். இந்த மாநிலத்தில் லாட்டரிக்கு 2003இலேயே தடை வந்தது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து பலர் உயிரை விட்டபின், நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022இல் அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை, பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதியில்லை என்ற விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. அடுத்து 2025 ஆகஸ்ட் 22 அன்று மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டத்தை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்கிறது அது.

அந்தச் சட்டத்தின் விளக்கப் பகுதியைப் படித்தேன். பழைய பழக்கம். ‘பண விளையாட்டு’ எது என்றால், காசோ பந்தயமோ கட்டி, ‘பணமும் பிற ஆதாயமும்’ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடுவது. இந்த ‘உம்’மில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டும் கிடைத்தால்தான் குற்றமா, ஒன்று கிடைத்தாலே போதுமா? ஒரு ‘உம்’முக்காக ஒரு கோப்பு நாலு மேஜை ஏறி இறங்கியதைப் பார்த்தவன் நான். பெட்டி விற்பவன் சொல்வான்: “எங்கள் பெட்டியிலிருந்து பணம் வராது. ரோபோதான் வரும். ஆகவே இது சூதல்ல.” அந்தப் பையனுக்கு அந்த ரோபோவைவிடப் பெரிய ஆதாயம் உலகத்தில் இருந்ததா? பணத்தைத் திருப்பிக் கொடுக்காத சூது, கொடுக்கும் சூதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? ரம்மியிலாவது பத்தில் ஒரு நாள் பாக்கெட்டுக்கு ஏதாவது வரும்.

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: “இது திறமை ஆட்டம்.” ஆமாம், சண்டை திறமைதான். நிலையைக் காப்பதும், மறைந்து நிற்பதும், எந்த ஆயுதத்தை எப்போது எடுப்பது என்பதும் திறமை. பெட்டியைத் திறக்க என்ன திறமை வேண்டும்? ஒரு விரல் போதும்.

வேறு தேசங்கள் இதைப் பார்த்துவிட்டன. ஜப்பானில் 2012இலேயே இந்த வகைப் பெட்டி விற்பனையின் ஒரு முறையை நிறுத்தினார்கள். சீனா 2017இல் எந்தச் சாமான் எந்த விகிதத்தில் வரும் என்று வெளியிடச் சொன்னது. பெல்ஜியம் 2018இல் காசுக்கு விற்கும் பெட்டி சூதேதான் என்று முடிவு செய்தது. விளையாட்டைத் தடை செய்யவில்லை. பெட்டியைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

பிரெஞ்சில் விளையாட்டுக்கும் சூதுக்கும் ஒரே சொல்தான். சூதைச் சொல்ல வேண்டுமானால் பின்னால் ‘தற்செயல்’ என்றோ ‘பணம்’ என்றோ ஒரு வால் ஒட்ட வேண்டும். தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே வைத்தார். அதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த மொழியில் பிறந்துவிட்டு, கபடியையும் கைபேசி ரோபோவையும் தாயத்தையும் அதிர்ஷ்டப் பெட்டியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நமக்கு அழகல்ல.

ஆகவே என் கோரிக்கை மூன்று. ரோபோ விற்க வேண்டுமா, விலையை எழுதி நேராக விற்கட்டும். வாங்குபவனுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் காசுக்கு அதிர்ஷ்டப் பெட்டி விற்பதைச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கட்டும். பெரியவர்களுக்கு விற்றால் எத்தனைக்கு ஒன்று என்பதைப் பெட்டியின் மேலேயே, தமிழிலும், பெரிய எழுத்தில் போடட்டும். அரசாங்கத்தில் என்ன சாமான் என்று எழுதாத பில்லைத் தணிக்கை ஏற்காது. பிள்ளைகள் பணத்துக்கு மட்டும் அந்த விதி ஏன் இல்லை?

அதுவரை நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியது உண்டு. யுபிஐ ரகசிய எண்ணைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். “தாத்தாவுக்குக் கண் தெரியல, நீயே போடு” என்று கொடுப்பதுதான் முதல் ஓட்டை. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி கைபேசியின் ஆப் கடையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தெரிந்தவரிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை பாஸ்புக் பதிவு செய்து சின்னத் தொகைகளைப் பாருங்கள். பெரிய தொகை போனால் எல்லோருக்கும் தெரியும். 89 ரூபாய்தான் சத்தமில்லாமல் போகும்.

இவற்றோடு இன்னொன்றையும் சொல்லத் துணிகிறேன். பிள்ளை ஆடும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு குதிரையில் ஏறுங்கள். திரையில் எது சண்டை, எது கடை என்று ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிடும். தெரியாதவரை நம் திட்டு பிள்ளையின் காதில் ஏறாது. ஆசிரியர் நண்பரையும் இதன்மூலம் அழைக்கிறேன். எங்கள் அணியில் காவலுக்கு ஆள் குறைகிறது.