பைக் விபத்து என்று எழுத விடாதீர்கள்

செங்குன்றம், மாதவரம், ஒரகடம் பக்கத்துக் குடோன்களில் லோடுமேன்களாகவும் ஹெல்பர்களாகவும் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர்களாகவும் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

குடோனுக்குள் ஃபோர்க்லிஃப்டில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, "பைக்கிலிருந்து விழுந்துட்டார்" என்று சூப்பர்வைசர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வலியில் துடிப்பவரால் மறுத்துப் பேச முடியாது. அந்த ஒரு வரி ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் ஏறிவிட்டால், நாளை இழப்பீடு கேட்டுப் போகும்போது அதையே எடுத்து நீட்டுவார்கள்.

பார்க்கச் சின்ன வண்டிதான். ஆனால் 3 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட், சுமையே இல்லாமல் 4 டன்னுக்கு மேல் இருக்கும். அதில் திரும்புவது பின்சக்கரம். ஆபரேட்டர் முன்னால் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடிக்க, பின்பக்கம் வீசிக்கொண்டு வரும். ரேக்கை ஒட்டி நிற்பவரின் கணுக்கால் அப்படித்தான் நசுங்குகிறது. சேஃப்டி ஷூ விரலைத்தான் காக்கும். பேலட்டில் உயரமாக அடுக்கிவிட்டால் முன்னால் ஆள் நிற்பது தெரியாது, ரிவர்ஸில்தான் வரவேண்டும். லாரி நிற்கிறது, சீக்கிரம் என்று விரட்டினால் ரிவர்ஸில் வர ஏது பொறுமை? வண்டி சாயும்போது குதிக்கத்தான் தோன்றும். குதித்தவர் மேலேயே வண்டியின் கூரைக்கம்பி விழுகிறது. பெல்ட் போட்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து உள்ளேயே இருப்பவருக்குத்தான் பிழைக்க வழி. இதையெல்லாம் சொல்லித்தராமல், பைக் ஓட்டத் தெரிந்த பையனிடம் சாவியைக் கொடுப்பது கொடுமை.

காண்ட்ராக்ட் ஆளுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்பார்கள். நம்பாதீர்கள். 1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டக் காலத்திலிருந்தே, காண்ட்ராக்டர் வைத்த ஆள் அடிபட்டாலும் வேலையைக் கொடுத்த முதலாளியிடம் கேட்கலாம் என்று இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகளுக்கு இது தெரியாது. டாக்டரிடம் தமிழில் சொல்லவும் வராது.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் கூடவே போங்கள். எந்தக் குடோன், எத்தனை மணி, எந்த வண்டி என்று டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏ.ஆர். நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

குடோன் கட்டி வாடகைக்கு விடும் முதலாளிகளே, தரையில் மஞ்சள் கோடு போட்டால் போதாது. ஆள் நடக்கிற வழிக்குக் கம்பித் தடுப்பு வையுங்கள். பெற்றோரே, 18 வயது ஆகாத பிள்ளை லீவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போகிறேன் என்றால் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
குடோன் தொழிலாளர்கள்